மணக்குடிக் காயலின் கண்டல் காடு கூடியிருக்கிறதா? பழைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடுவது குறித்து

தோவாளைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலின் ஓரத்தில் நிற்கும் கண்டல் (அலையாத்தி) மரங்களைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் காயலின் ஓரத்தில் கன்றுகள் நடப்பட்டதையும், அவற்றுள் சில தழைத்ததையும் பல பட்டுப்போனதையும் கண்டேன். மொத்தத்தில் காடு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எங்கள் பள்ளி மாணவர்கள் கேட்டபோது, என்னால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆகவே இலவசமாகக் கிடைக்கும் இரண்டு படங்களை இறக்கினேன். ஒன்று, 1990களின் தொடக்கத்தில் ஒரு பிப்ரவரி மாதம் லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் எடுத்தது. மற்றொன்று, அண்மையில் ஒரு டிசம்பர் மாதம் சென்டினல் 2 எடுத்தது. இரண்டிலும் தாவரக் குறியீட்டை, அதாவது ஓர் இடம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று காட்டும் எண்ணைக் கணக்கிட்டு, ஒரே வரம்புக்கு மேல் வந்த இடங்களையெல்லாம் பச்சையாக்கினேன். புதிய படத்தில் பச்சை மிகத் தெளிவாகக் கூடியிருக்கிறது. இதை அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் மாட்டலாமா, அல்லது நான் ஏதேனும் தவறு செய்திருக்கிறேனா என்பதைத் துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழையாற்றுக்கரை

வணக்கம் அண்ணாச்சி. நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிக நல்ல கேள்வி. ஆனால் அந்தப் படத்தை இப்போது சுவரில் மாட்ட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் செய்து வருகிறேன். நம் மாவட்டத்தைப் போலக் கண்டல் காடு சிறு சிறு திட்டுகளாகவும் ஒடுங்கிய பட்டைகளாகவும் இருக்கும் இடங்களில்தான் மிகுதியாகத் தவறியிருக்கிறேன்.

முதலில் அளவைப் பாருங்கள். லேண்ட்சாட் 5 படத்தின் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்குள் பாதி நீர், கால்வாசி கண்டல், மிச்சம் மணல் என்று இருந்தாலும் செயற்கைக்கோளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கலவையான நிறம்தான். சென்டினல் 2 படத்தின் பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டின் படங்களுக்குப் போனால் நிலைமை இன்னும் கடினம். அவை 60 மீட்டர் பிக்சல்களாக வழங்கப்படுகின்றன. ஒரு பிக்சல் 89 சென்ட், கிட்டத்தட்ட ஓர் ஏக்கர்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். காயலோரத்தில் 300 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட கண்டல் பட்டை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பரப்பு 1.8 ஹெக்டேர், ஏறக்குறைய நாலரை ஏக்கர். லேண்ட்சாட் 5 படத்தில் அது இரண்டு வரிசையாகப் பத்துப் பத்து பிக்சல், மொத்தம் இருபது. அந்த இருபதில் ஒன்றுகூட உள்ளே இருக்கும் பிக்சல் அல்ல. எல்லாமே ஓரம். படம் தரையோடு அரை பிக்சல் விலகிப் பதிந்திருந்தால், அதாவது 15 மீட்டர் தள்ளியிருந்தால், பட்டையின் கால் பங்கு நீருக்குள்ளோ தோப்புக்குள்ளோ போய்விடும். அதே பட்டை சென்டினல் 2 படத்தில் 180 பிக்சல்; அவற்றுள் 112 ஓரத்தைத் தொடாதவை. எனவே மரம் ஒன்றுகூடக் கூடாமலேயே, பழைய படத்தில் மங்கிக் கிடந்த பச்சை புதிய படத்தில் துலங்கித் தெரியும்.

நீங்கள் கண்ட வளர்ச்சி பொய் என்று சொல்லவில்லை. அதில் எவ்வளவு மரத்தின் வளர்ச்சி, எவ்வளவு கண்ணின் கூர்மை என்பதை இந்த இரண்டு படங்களால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறேன். புதிய படத்தையும் 30 மீட்டருக்குக் கரடாக்கிய பிறகே பழையதோடு ஒப்பிட வேண்டும். அதைவிட நல்ல வழி, 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, 2013 முதல் இயங்கும் லேண்ட்சாட் 8, 2021இல் வந்த லேண்ட்சாட் 9 என்று ஒரே குடும்பத்தின் 30 மீட்டர் படங்களை ஒரே வரிசையாகக் கோத்துப் பார்ப்பது. 2008 முதல் இந்தப் படங்கள் அனைத்தும் யாருக்கும் இலவசம். நாற்பது ஆண்டுக் கதையை அவற்றால் தொடர்ச்சியாகச் சொல்ல முடியும்.

லேண்ட்சாட் 7 படங்களை எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. 2003 மே 31 அன்று அதன் வருடி திருத்தும் கருவி பழுதானது. அன்று முதல் ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடு கோடாகத் தரவு இல்லாமல் போயிற்று. சுனாமிக்கு முன்னும் பின்னுமான நிலையைத் தேடுகிறவர்கள் இந்தக் கோடுகளில்தான் போய் முட்டிக்கொள்கிறார்கள். கோடு காயலின் மீது விழுந்திருக்கிறதா என்று பாராமல் பரப்பைக் கணக்கிட்டால், அழியாத காடு அழிந்ததாகக் காட்டும்.

கீழமணக்குடி வாசி

நான் படம் பார்க்கத் தெரிந்தவன் அல்லன். ஆனால் இந்தக் காயலின் கரையில்தான் பிறந்து வளர்ந்தேன் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தோவாளைக்கார அண்ணன் ஒரு படத்தைப் பிப்ரவரியிலும் மற்றொன்றை டிசம்பரிலும் எடுத்ததாக எழுதியிருக்கிறார். அந்த இரண்டு மாதங்களிலும் எங்கள் காயல் ஒரே காயல் அல்ல.

மழை பெய்து ஆறு நிறைந்து வரும்போது பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாயை அடைத்துக் கிடக்கும் மணல்மேடு, உடைந்து நீர் கடலுக்குப் போகும். உள்ளே நீர்மட்டம் இறங்கும். சேறு வெளியே தெரியும். மழை நின்று ஆற்றில் வரத்துக் குறைந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து பொழியை அடைத்துவிடும். அடைத்த பிறகு ஆற்றில் வருகிற நீர் போக வழியின்றி உள்ளேயே ஏறும். அப்படி ஏறிக் கிடக்கும் நாட்களில் வள்ளத்தில் போனால், முந்தின ஆண்டு நட்ட சுரபுன்னைக் கன்றுகளில் நுனியிலுள்ள இரண்டு இலைகள் மட்டும் நீர்மேல் விரிந்திருக்கும். தண்டு முழுவதும் அடியில். கொஞ்சம் குட்டையான கன்றாக இருந்தால் அதுவும் தெரியாது. துடுப்பு தட்டும்போதுதான் அங்கே கன்று இருப்பது புரியும். வெண்கண்டலின் அடியில் பென்சில் நட்டதுபோல் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களும் அப்போது நீருக்குள்தான்.

அந்த நாளில் மேலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே வெறும் தண்ணீர்தானே தெரியும்? பொழி உடைந்த மறுவாரம் பார்த்தால் அதே இடத்தில் பச்சை தெரியும். இதைக் காடு வளர்ந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே குறுக்கிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையாற்றுக்கரை

பிழை எதுவும் இல்லை ஐயா. இந்த இழையில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிக முக்கியமான செய்தி உங்களுடையதுதான். நான் பிக்சலைப் பற்றி எழுதியதைவிட இதுவே முதலில் வந்திருக்க வேண்டும்.

பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களைப் பற்றிய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பார்கள். ஆனால் பொழியை மறந்துவிடுவார்கள். நம் கரையில் ஓதத்தின் உயர வேறுபாடு குறைவு. காயலின் நீர்மட்டத்தைப் பெரிதும் ஆட்டிவைப்பது பொழி திறந்திருப்பதும் அடைந்திருப்பதும்தான். ஆகவே மணக்குடியின் நீண்ட கால வரிசையில் படத்தின் தேதியைக் காட்டிலும், அந்தத் தேதியில் பொழி எந்த நிலையில் இருந்தது என்பதே முதல் தகவலாக இருக்க வேண்டும். அதற்கு வேறு பதிவேடு எதுவும் தேட வேண்டியதில்லை. அதே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கழிமுகத்தின் குறுக்கே வெள்ளை மணல் வரி முழுமையாக இருக்கிறதா, இடையே நீர் வெட்டிச் செல்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நீர்க் குறியீட்டைக் கணக்கிட்டுக் காயலின் நீர்ப்பரப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் படங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

இதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்குக் கிடைப்பதால், ஜூன் முதல் டிசம்பர் வரை மேகமில்லாத படம் அரிது. தெளிவான படங்கள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் மிகுதி. அதாவது வானம் திறந்திருக்கும் காலத்தில் பொழி அடையத் தொடங்குகிறது; பொழி திறந்திருக்கும் காலத்தில் வானம் மூடிக்கொள்கிறது. லேண்ட்சாட் ஒரே இடத்துக்குத் திரும்பி வரப் பதினாறு நாட்கள் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 1990களில் சில ஆண்டுகளுக்குப் பயன்படும் படம் ஒன்றோ இரண்டோதான் தேறும். கிடைக்கிற எல்லாப் படங்களையும் போட்டு நடுமதிப்பு எடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பெரிய காடுகளுக்கு அது நல்ல முறை. இங்கே அப்படிச் செய்தால், பொழி திறந்த நாளும் அடைந்த நாளும் ஒன்றாகக் கலந்து, எந்த நாளிலும் இருந்திராத ஒரு காயல் வந்து நிற்கும்.

நீர் ஏறி நிற்பது படத்தை மட்டும் கெடுப்பதில்லை. மூச்சுவேர்கள் நெடுநாள் மூழ்கிக் கிடந்தால் வெண்கண்டல் மூச்சுத் திணறிப் பட்டுப்போகும். ஆகவே பொழி எத்தனை நாள் அடைந்து கிடந்தது என்ற குறிப்பு, படத்தைத் திருத்துவதற்கும் உதவும், மரம் ஏன் மடிந்தது என்பதை விளக்குவதற்கும் உதவும்.

தேரூர்க்குளம்

நல்ல விவாதம். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளில் தமிழகத்தின் அலையாத்திக் காடு 1987இல் 23 சதுர கிலோமீட்டர் என்றும், 2021இல் 45 சதுர கிலோமீட்டர் என்றும் தரப்பட்டிருக்கிறது. நாடு முழுவதற்கும் 4,046 என்று இருந்தது 4,992 ஆகியிருக்கிறது. மாநிலமே இரு மடங்காகியிருக்கும்போது, நம் காயலில் கூடியிருக்கிறது என்று ஓர் ஆசிரியர் கண்டதை இவ்வளவு ஐயப்பட வேண்டுமா? இப்படி ஒவ்வொன்றையும் சந்தேகித்தால், நல்ல செய்தி ஒன்றைக்கூட மக்களிடம் கொண்டுசெல்ல முடியாதே.

பழையாற்றுக்கரை

உங்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. நடுவதற்கும் காப்பதற்கும் உழைத்தவர்களின் பலனை மறைப்பது என் நோக்கம் அல்ல. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட அதே அட்டவணையின் நடுவிலுள்ள ஆண்டுகளையும் பாருங்கள். 1987இல் 23 என்று இருந்தது 1989இல் 47 ஆகிறது. 1993இல் அது 21. 2003இல் 35. இரண்டே ஆண்டுகளில் ஒரு காடு இரட்டிப்பாகி, அடுத்த நான்கு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது என்றால், அப்படிப்பட்ட பேரழிவு தமிழகக் கடற்கரையில் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாறியவை படமும் முறையுமே. தொடக்கத்தில் கரடான படத்தைக் கண்ணால் பார்த்து எல்லை வரைந்தார்கள். பின்னர் 30 மீட்டர் படங்கள் வந்தன. 2001 முதல் கணினியில் வகைப்படுத்தி 1:50,000 அளவில் வரைகிறார்கள். அதிலும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த திட்டு கணக்கில் வராது. மணக்குடியிலும் இராஜாக்கமங்கலத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கழிமுகங்களில் நாம் காணும் திட்டுகளில் எத்தனை இரண்டரை ஏக்கரைத் தாண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முறை மாறாமல் இருக்கும் ஆண்டுகளுக்கிடையே அந்த அறிக்கைகள் மதிப்புமிக்கவை. முறை மாறிய எல்லையைத் தாண்டிக் கழித்தல் கணக்குப் போடுவதுதான் தவறு.

வளர்ச்சியை ஐயமின்றி நிறுவிய எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் நேரடியாகப் பட்டு வெட்டிய நிலம் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்டார்கள். 1986ஆம் ஆண்டுப் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. அந்த எண்ணை நான் நம்புவதற்குப் படம் மட்டும் காரணம் அல்ல. எந்த வாய்க்கால் எங்கே வெட்டப்பட்டது என்பது தெரியும், அந்த வாய்க்காலின் இரு கரையிலும்தான் பச்சை படர்ந்தது என்பதும் தெரியும். காரணமும் விளைவும் ஒரே இடத்தில் பொருந்தி நிற்கின்றன. மணக்குடிக்கும் அப்படிப்பட்ட சான்றைத்தான் கேட்கிறேன்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குச் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்துக்காக வேறொரு கழிமுகத்தின் வரைபடம் செய்தேன். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பரப்பாக மாற்றி, அதை என் வரைபடத்தில் கண்டல் காடாகவே நிறமிட வேண்டும் என்று கேட்டார்கள். களத்துக்குப் போனபோது அங்கே இருந்தவை கன்றுகளைத் தாங்க ஊன்றிய மூங்கில் குச்சிகள் மட்டுமே. நான் நிறமிட மறுத்தேன். வரைபடம் வேறொருவர் கையால் நிறம் பெற்றது.

குழித்துறை மாணவி

அக்கா, நான் புவியியல் முதுகலை படிக்கிறேன். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேரும் பகுதியை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். தாவரக் குறியீட்டில் தென்னந்தோப்பும் கண்டலும் ஒரே மாதிரி வருகின்றன. கரையோரத் தாழையும் அப்படியே வருகிறது. எப்படிப் பிரிப்பது?

பழையாற்றுக்கரை

தங்கைக்கு வாழ்த்துகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்கிற எவரும் முதலில் வழுக்கும் இடம் தென்னைதான். நானும் முதல் வரைபடத்தில் ஒரு தோப்பையே கண்டல் என்று எழுதினேன். தாவரக் குறியீடு சிவப்பையும் அகச்சிவப்பையும் மட்டுமே பார்க்கிறது. இலை பச்சையாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் அது எந்த மரத்தின் இலை என்று அதற்குக் கவலை இல்லை.

குற்றலை அகச்சிவப்புப் பட்டையையும் சேர்த்துப் பாருங்கள். நீர் அந்த ஒளியை விழுங்கிவிடும். கண்டல் ஈரச் சேற்றிலும் நீரிலும் நிற்பதால், அதன் பிக்சல் அந்தப் பட்டையில் தென்னந்தோப்பைவிட இருண்டு தெரியும். தோப்பில் ஓலைகளின் இடைவெளி வழியாக உலர்ந்த மணல் பளிச்சிடும். 2020இல் முன்வைக்கப்பட்ட கண்டல் தாவரக் குறியீடும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். அகச்சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்து, அதைக் குற்றலை அகச்சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். கண்டலுக்கு விடை உயர்ந்து வரும். ஆனால் சென்டினல் 2இல் அந்தப் பட்டைக்கு 20 மீட்டர்தான். அதாவது பத்து சென்ட். 10 மீட்டர் தெளிவு என்று எண்ணிக்கொண்டு ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். மழைக்காலத்தில் தோப்புக்குள்ளும் நீர் நிற்கும் என்பதால், இதற்கும் கோடைப் படமே ஏற்றது.

சென்டினல் 1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் என்பதால், பொழி எப்போது உடைந்தது, நீர் எவ்வளவு பரவியது என்பதை மழைக்காலத்திலேயே அறிய அது பெரிய உதவி. மர இனத்தைப் பிரிக்க அதை மட்டும் நம்ப வேண்டாம். உலகக் கண்டல் கண்காணிப்புத் திட்டம் ஜப்பானிய ரேடார் படங்களைக் கொண்டு 1996 முதல் வெளியிடும் வரைபடங்களையும் பாருங்கள். ஆனால் அவை உலகளாவிய ஒப்பீட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் கரையின் ஒடுங்கிய பட்டை அதில் இல்லை என்றால், தரையிலும் இல்லை என்று பொருள் அல்ல.

ஆற்றின் மேற்பகுதியில் ஆகாயத்தாமரை படர்ந்த நீரையும், மணக்குடியை ஒட்டிய புத்தளம் உப்பளங்களையும் தனி வகையாகவே பிரியுங்கள். உப்பளப் பாத்தி நீர் நிறைந்திருக்கும்போது கருமையாகவும், உப்பு விளையும்போது வெண்மையாகவும் தெரியும். இரண்டு தேதிகளுக்கிடையில் பெரிய மாற்றம் என்று கணினி கூவும். அது உப்பள வேலையின் சுழற்சியே அன்றி வேறில்லை.

தேரூர்க்குளம்

அட்டவணையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 1989க்கும் 1993க்கும் இடையிலான வீழ்ச்சியை இதுவரை கவனித்ததில்லை. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதியை 2022இல் பெற்றது எங்கள் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி. அது நன்னீர்க் குளங்களைக் கொண்டது. அதையும் மணக்குடியின் கண்டலையும் ஒன்றாக்கிச் செய்தி எழுதுகிறவர்கள் உண்டு என்பதால், இழையைப் படிப்பவர்களுக்காக இதையும் குறித்துவைக்கிறேன்.

தோவாளைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக மீண்டும் வேலை செய்தேன். லேண்ட்சாட் படங்களை மட்டும் எடுத்து, ஜனவரி முதல் மார்ச் வரையிலானவற்றைத் திரட்டி, பழையாற்றுக்கரை அவர்கள் சொன்னபடி ஒவ்வொரு படத்துக்கும் பொழியின் நிலையையும் காயலின் நீர்ப்பரப்பையும் ஒரு நோட்டில் எழுதினேன். நீர்ப்பரப்பு ஒத்துப்போகாதவற்றை நீக்கியதும் கையில் மிஞ்சியவை மிகச் சில. அவற்றில் பாலத்துக்கு மேற்புறமுள்ள ஒரு பட்டை மட்டுமே, பழைய படங்களில் நீராகவும் புதிய படங்கள் எல்லாவற்றிலும் மரமாகவும் தொடர்ந்து தெரிகிறது. அங்கே கூடியிருக்கிறது என்று இப்போது சொல்லத் துணிகிறேன். மற்ற இடங்களில் பச்சை ஓர் ஆண்டு வருகிறது, மறு ஆண்டு போகிறது. முதல் வரைபடத்தில் நான் பச்சையாக்கியதில் ஒரு பெரும்பகுதி, கூகுள் எர்த்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்த தென்னந்தலைகளாக இருந்தது.

மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பட்டையின் நான்கு மூலைகளையும் கைபேசி ஜிபிஎஸ்ஸில் குறிக்க நினைக்கிறேன். எந்த இனம், எவ்வளவு உயரம், அடியில் புதுக்கன்று முளைத்திருக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லப்போகிறேன். கீழமணக்குடி ஐயா, எப்போது வந்தால் நடந்து போகலாம்?

கீழமணக்குடி வாசி

இன்று காலை போய்ப் பார்த்தேன். பொழி அடைந்து கிடக்கிறது. அந்தப் பட்டைக்குள் பிள்ளைகளுக்கு இடுப்பளவு நீர் இருக்கும், அடியில் சேறும் உண்டு. இப்போது வர வேண்டாம். சுரபுன்னையில் முருங்கைக்காய் போல நெற்றுகள் தொங்குகின்றன. சில விழுந்து மிதக்கின்றன. பொழி உடைந்து நீர் வடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதற்கடுத்த சனிக்கிழமை வாருங்கள், வள்ளத்தை நான் ஏற்பாடு செய்கிறேன். 1990களில் அந்த இடத்தில் நாங்கள் வலை வீசியதுண்டு. எந்த இடம் வரை ஆழம் இருந்தது என்பதையும் நேரில் காட்டுகிறேன், பிள்ளைகள் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.